இடது கை சொன்ன சாட்சி

அத்தியாயம் 1

பொம்மசந்திராவில் காலை பத்து மணிக்கு ஒரு சைக்கிள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தது.

நான் கதை விடவில்லை. கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த இளநீர்க் குவியலுக்குள் அதன் முன்சக்கரம் கழுத்துவரை புதைந்திருந்தது. பின்சக்கரம் வானத்தைப் பார்த்தது. உடைந்த காய்களிலிருந்து வழிந்த தண்ணீரில் எறும்புகள் கல்யாண விருந்து நடத்தின. இளநீர்க்கார முனியப்பன் கையில் அரிவாளோடு நின்று, யாரை வெட்டுவது என்று தெரியாமல் எல்லோரையும் மாறி மாறி முறைத்தார்.

"ரெமி, தொடாதே" என்றார் நிருபமா மேடம்.

"நான் தொடல மேடம். ஸ்ட்ரா மட்டும் போடலாமான்னு பார்த்தேன்."

என் முழுப்பெயர் ரெமிஜியஸ். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் தூங்கிப் பழகியவன். துப்பறியும் நிருபமாவின் ஒரே உதவியாளன், டிரைவர், டீ வாங்குபவன். மேடத்தின் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரு. கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டிவிட்டு, தமிழில் மன்னிப்புக் கேட்பார். எனக்கு இரண்டும் வாரம் தவறாமல் கிடைக்கும்.

எங்களை அழைத்தவன் கேசவ். இருபத்தேழு வயது, எண்ணெய்க் கறை படிந்த நகங்கள், அழுகைக்குப் பக்கத்தில் நிற்கும் முகம். ஹெப்பகோடியில் சாதாரண சைக்கிளுக்கு மோட்டார் பொருத்தி மின்சார சைக்கிளாக்கும் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் முன்பு ஷட்டரைத் தூக்கியவன். இந்த வால்வு கம்பெனி தன் தொழிலாளர்களுக்காகக் கேட்ட நாற்பது சைக்கிள்தான் அவனுடைய முதல் பெரிய ஆர்டர். மாதிரிக்கு ஒன்றைச் செய்து, நேற்று மாலை கம்பெனி ஷெட்டில் சாவியோடு நிறுத்திவிட்டுப் போனான். இன்று காலை ஆறு மணிக்கு அதை யாரோ எடுத்து ஓட்டி, இங்கே நட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

"திருடனுங்க, வேற யாரு?" என்றார் கம்பெனியின் நிர்வாக மேனேஜர் பழனிச்சாமி. ஈரோட்டுக்காரர், ஐம்பத்தெட்டு வயது. மடிப்புக் கலையாத பேண்ட், உள்ளே செருகிய சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. காலில் மட்டும் நீல ரப்பர் செருப்பு.

"ஷூ எங்க சார், சர்வீஸுக்கு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். வாய் சும்மா இருக்காதே.

"கடிக்குதுங்க" என்றார் சுருக்கமாக. "நான் ஒண்ணு கேக்கறனுங்க. திருடுனவனையே தூக்கிப் போட்டிருச்சு இந்த வண்டி. திருடனுக்கே பாதுகாப்பில்லாத வண்டிய என் ஆளுங்களுக்கு எப்படிங்க குடுப்பேன்? நாலு மணிக்கு டேரில் வர்றாரு. அவரு கம்பெனி வண்டிக்குக் கையெழுத்துப் போடப் போறேன்."

"சார், த்ராட்டில்ல கோளாறே இல்ல சார்" என்றான் கேசவ். "ஓட்டினவன் யாருன்னு தெரிஞ்சா, அவன் என்ன பண்ணான்னு கேட்டுடலாம்."

"திருடனத் தேடிப் புடிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டு வாப்பா. நாலு மணி வரைக்கும் பார்க்கறேன். எனக்கு டூவீலர் சமாச்சாரமெல்லாம் தெரியாதுங்க. நான் கார்தான்."

அவர் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு உள்ளே போனார். எங்களுக்கு ஆறு மணி நேரம் இருந்தது. கேசவுக்கு அதற்கு அப்புறம் கடை இருக்குமா என்பது அந்த ஆறு மணி நேரத்தில் இருந்தது.

மேடம் சைக்கிளின் ஹேண்டில்பார் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சு சொல்லு, கேசவ். எது எங்க இருக்கு?"

"வலது கிரிப்பைத் திருகினா கியர் மாறும் மேடம். இடது கிரிப்பைத் திருகினா வேகம் ஏறும், அதுதான் த்ராட்டில். ரெண்டுமே திருகற டைப். ஒரே பக்கம் வெச்சா கியர் மாத்தப் போய் வேகம் ஏறிடும்னு தனித்தனியா மாட்டினேன்."

"ரெண்டையும் ஏன் திருகற டைப்பா வெச்ச?"

கேசவ் காதைச் சொறிந்தான். "நான் கட்டைவிரல் த்ராட்டில்தான் சொன்னேன் மேடம். சின்ன லீவர், விரலால அமுக்கினா ஓடும், எடுத்தா நிக்கும். புதுசா ஓட்டறவங்களுக்கு அதுதான் நல்லது. பழனிச்சாமி சார்தான், 'அது விளையாட்டுச் சாமான், வண்டின்னா திருகணும்'னு சொல்லிட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"சரி சார்னு சொன்னேன்."

"அங்கதான் நீ முதல் தப்புப் பண்ணியிருக்க" என்றார் மேடம். "பிரேக்?"

"ரெண்டு பக்கமும் லீவர். எதைத் தொட்டாலும் மோட்டார் கட் ஆகிடும். விட்டா மறுபடி ஓடும்."

மேடம் வலது கிரிப்பில் இருந்த குட்டி ஜன்னலைக் காட்டினார். அதில் 1 என்று தெரிந்தது. "நேத்து எதுல விட்டுட்டுப் போன?"

"மூணுல."

"செயின் எந்தப் பல்சக்கரத்துல இருக்கு பாரு."

கேசவ் குனிந்தான். அவன் கண் விரிந்தது. "மூணுலயே இருக்கு! கியரைத் திருகியிருக்காங்க, ஆனா பெடல் மிதிக்கல. மிதிச்சாத்தானே செயின் தாவும்."

"சைக்கிள்ல உக்காந்தவன் மிதிக்கல. மிதிக்காதவன் எதுக்குக் கியர் மாத்துறான்? அவன் கியர்னு நெனச்சுத் திருகல. ஆக்சிலேட்டர்னு நெனச்சுத் திருகியிருக்கான்."

"எல்லாரும் அப்படித்தானே மேடம்" என்றேன். "நான்கூட வலது கையைத்தான் முறுக்குவேன். ஓடலைன்னா கம்பெனியைத் திட்டிட்டு இறங்கிடுவேன்."

"அதேதான் ரெமி. நீ இறங்கிடுவ. இவன் இறங்கல. இடது கையையும் திருகியிருக்கான். அங்க த்ராட்டில் இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. அப்புறம் ஏன் திருகினான்?"

அந்த 'ஏன்' ஒன்றுதான் எங்கள் கையில் இருந்த ஒரே நூல். அதன் மறுமுனையைத் தேடி முனியப்பனிடம் போனோம்.

"நா பார்த்தேன்மா, ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்றார் அவர். கிருஷ்ணகிரிக்காரர், இருபது வருடமாக இந்த ரோடு. "பனின்னா அப்டி ஒரு பனி. மங்கி குல்லா போட்டுனு ஒரு ஆளு வண்டிய வெளிய தள்ளினு வந்தான். மூஞ்சி தெரியல. நின்னான். வண்டிய ஒரு பக்கமா சாய்ச்சான் பாரு, படுக்க வெக்கற மாதிரி. அப்பறம் நிமித்திட்டு ஏறினான்."

"சாய்ச்சானா? எதுக்கு?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? காதுல தண்ணி பூந்தா தலைய சாய்ப்போம்ல, அப்டி. ஏறினான், என்னமோ பண்ணான், வண்டி குதிரை மாதிரி எகிறிச்சு. அவன் சோத்துக்கை பக்கத்து காலால ரோட்டை உதைக்கிறான், உதைக்கிறான், உதைச்சிகினே வரான். சொல்ப, கொஞ்சம் தள்ளுய்யான்னு கத்துறேன். நேரா எங்கிட்டயே வந்தான்!"

"வலது காலால உதைச்சாரா? பிரேக் பிடிக்கலையா?"

"கையில புடிக்கல. காலால மிதிச்சினே இருந்தான். அங்க மிதிக்க இன்னாம்மா இருக்குது, ரோடுதான் இருக்குது. வுழுந்தவன் எழுந்து, 'மன்னிச்சுக்கோங்க'ன்னு காய்ங்களப் பார்த்து கும்புடு போட்டுட்டு ஓடிட்டான்."

"இளநீர்கிட்ட மன்னிப்புக் கேட்ட திருடனை நான் இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றேன். "வளர்ப்பு நல்லாருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. தரையில் கறுப்பாக நீண்ட தேய்ப்புத் தடத்தைப் பார்த்தார். ரப்பர் உருகி ஒட்டியிருந்தது. கூடவே கட்டைவிரல் நகம் அளவு பதப்படுத்திய தோல் துண்டு ஒன்று. அதைக் கர்ச்சீப்பில் மடித்து வைத்துக்கொண்டார்.

"அடுத்தது டேரில்" என்றார்.

எனக்கு அப்போதே சந்தேகம் தீர்ந்துவிட்டது. கேசவின் வண்டி விழுந்தால் யாருக்கு லாபம்? டேரிலுக்கு. மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு வந்து வேண்டுமென்றே கவிழ்த்தவன் அவன்தான். இதற்கு எதற்குத் துப்பறிவாளர், என் அத்தை போதும் என்று வண்டியில் போகும்போது சொன்னேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேசவ் சைக்கிளைத் துடைத்து, வளைந்ததை நிமிர்த்தி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தான். டேரிலின் கடையும் ஹெப்பகோடிதான். கேசவின் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரம். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவர் முழுக்க வண்ண வண்ண கிரிப்புகள். டேரிலுக்கு இருபத்தெட்டு வயது. காதில் கடுக்கன்.

"கேசவ் மச்சா! கேள்விப்பட்டேன்டா, பாவம்டா" என்று கட்டிப்பிடித்தான். நல்ல நடிகன் என்று குறித்துக்கொண்டேன்.

"ஒரு உதவி டேரில்" என்றார் மேடம். "இந்த வண்டியில உக்காந்து கிளப்புங்க. எப்படின்னு கேக்கக் கூடாது."

டேரில் ஏறி உட்கார்ந்தான். வலது கையை முறுக்கினான். கியர் ஜன்னல் கிளிக் கிளிக்கென்று ஓடியது. இடது கை சும்மா பிரேக் மேல் கிடந்தது. மறுபடி வலது. மறுபடி கிளிக்.

"பேட்டரி இல்லையா மேடம்?" என்று இறங்கிவிட்டான்.

மேடம் என்னைப் பார்த்தார். என் அத்தையின் தீர்ப்பு அங்கேயே தள்ளுபடியானது. டேரிலின் இடது கை எதையும் திருகவில்லை. அவனும் என்னைப் போல கியர் இல்லாத ஸ்கூட்டரில் வளர்ந்த பிள்ளை. எங்களுக்கு இடது கை என்பது பிரேக் பிடிக்கவும், போலீஸைப் பார்த்தால் சலாம் போடவும்தான்.

"அந்த ஆர்டர் எனக்கே தலைவலி மேடம்" என்றான் டேரில். "நானும் கட்டைவிரல் த்ராட்டில்தான் சொன்னேன். அந்த சார் கேக்கல. திருகறதுதான் வேணுமாம். அப்புறம் கேட்டார் பாருங்க, ஸ்டெப்னி எங்க மாட்டுவீங்கன்னு! சைக்கிளுக்கு ஸ்டெப்னி! நான் சிரிச்சு செத்தேன்."

நாங்களும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். மணி இரண்டரை. கையில் இருந்த ஒரே சந்தேக ஆசாமியும் போய்விட்டான். கேசவ் லோடு ஆட்டோவில் சாய்ந்து, தன் பட்டறை ஷட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கடைசித் தடவையாகப் பார்ப்பது போல அவன் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஜோக் எதுவும் வாயில் வரவில்லை, அது எனக்கு அபூர்வம்.

அப்போதுதான் எதிர் டீக்கடையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மரத்தடியில் நின்ற, பின்னால் ஸ்டெப்னி சக்கரம் மாட்டிய தன் பழைய கியர் ஸ்கூட்டரை உதைத்தார். கிளம்பவில்லை. இன்னொரு உதை, கிளம்பவில்லை. பெரியவர் பெருமூச்சு விட்டார். ஸ்கூட்டரை அப்படியே ஒரு பக்கமாகச் சாய்த்தார். தரையைத் தொடும் அளவுக்குச் சாய்த்து, ஐந்து எண்ணி, நிமிர்த்தி, உதைத்தார். தடதடவென்று கிளம்பியது.

"அய்யோ!" என்று மேடம் கத்தினார். நடுரோட்டில் இரண்டு குதி குதித்தார். "ரெமி, சாய்ச்சார் பாத்தியா? சாய்ச்சார்!"

"பாத்தேன் மேடம். நீங்க சாயாதீங்க, லாரி வருது."

மேடம் ஓடிப்போய்ப் பெரியவரின் கையைப் பிடித்தார். "ஐயா, ஒரே ஒரு நிமிஷம், எங்க சைக்கிள்ல உக்காருங்க. ஓட்டற மாதிரி பண்ணுங்க."

பெரியவர் பயந்துபோய், ஆனால் மரியாதையாக, உட்கார்ந்தார். எதுவும் யோசிக்கவில்லை. இடது கை லீவரைப் பிடித்தது. கிரிப்பைத் தன் பக்கமாகத் திருகியது. பிறகு லீவரை விட்டது. வலது கை முறுக்கியது. வலது கால் தரையில் எதையோ தேடியது.

"என்ன பண்ணீங்க ஐயா?"

"கிளட்ச் புடிச்சு ஃபர்ஸ்ட் கியர் போட்டேன்மா. கால் பிரேக் எங்க காணோம்?"

கேசவ் தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கே புரிந்துவிட்டது என்றால் பாருங்கள். கியர் ஸ்கூட்டர் ஓட்டியவருக்கு இடது கைதான் கியர், இடது லீவர்தான் கிளட்ச், வலது கால்தான் பிரேக். காலையில் அந்த ஆள் லீவரைப் பிடித்ததும் மோட்டார் அடங்கியது. அந்த அடக்கத்திலேயே த்ராட்டிலைக் கடைசிவரை திருகியாகிவிட்டது. லீவரை விட்டதும் மோட்டாருக்கு முழு வேகம் ஒரே மூச்சில் கிடைத்தது. குதிரை எகிறியது. அவர் காலால் ரோட்டை உதைத்தார்.

"கோளாறு த்ராட்டில்ல இல்ல" என்றார் மேடம். "ஓட்டினவர் கைப்பழக்கத்துல இருக்கு. சின்ன வயசுக்காரன் யாரும் இப்படி விழ முடியாது. கேசவ், ஒரு கட்டைவிரல் த்ராட்டில் எடுத்துக்கோ. பேட்டரியை உன் பையிலயே வெச்சுக்கோ, நான் சொல்ற வரைக்கும் வெளிய எடுக்காத."

"யாருன்னு தெரிஞ்சிடுச்சா மேடம்?" என்றேன்.

"சைக்கிளுக்கு ஸ்டெப்னி கேக்கற மனுஷன் யாருடா?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்து வைத்தபடியே பொம்மசந்திரா வரை வந்தேன்.

நாலு மணி. கம்பெனி முற்றத்தில் சைக்கிள் நின்றது. டேரில் தன் காகிதங்களோடு வந்திருந்தான். முனியப்பனை மேடம் கையோடு கூட்டி வந்திருந்தார். ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். பழனிச்சாமி பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக இருந்தார்.

"திருடன் கெடச்சானுங்களா?"

"அதுக்கு முன்னாடி வண்டியை ஓட்டிக் காட்டறோம் சார்" என்றார் மேடம். "கேசவ், கிளப்பு."

கேசவ் ஏறினான். ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரி அவன் தோள்பையில் இருக்கும்போது எப்படி நடக்கும்? அவன் முகத்தில் மட்டும் நல்ல பதற்றம் இருந்தது. பாதி நடிப்பு, பாதி நிஜம்.

"கனெக்டர் லூஸா இருக்கும் மச்சா" என்றான் டேரில். நான் என் பங்குக்கு டயரை உதைத்தேன். யாரோ "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு குரு" என்று குரல் கொடுத்தார்கள். கேசவ் மறுபடி முயன்றான். மறுபடி ஒன்றுமில்லை. பழனிச்சாமியின் இடது கை பேண்ட் ஓரத்தில் துடித்தது. ஒரு நிமிடம் பொறுத்தார். இரண்டாவது நிமிடம் அவரால் முடியவில்லை.

"அட, அப்படியே கொஞ்சம் சாய்ச்சுப் பாரு தம்பி!"

எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"எதுக்கு சார் சாய்க்கணும்?" என்றார் மேடம் மிக மெதுவாக.

"பெட்ரோல் கார்புரேட்டருக்கு எறங்..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றார். எதிரே இருப்பது பேட்டரி வண்டி என்பது அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது.

"டூவீலர் சமாச்சாரம் தெரியாதுன்னீங்க. உங்க ஷூ எந்தக் காலைக் கடிக்குது சார்? வலது காலையா?" மேடம் கர்ச்சீப்பைப் பிரித்துத் தோல் துண்டைக் காட்டினார். "ரோட்டுல கெடச்சுது. நீங்க கழட்டி வெச்சிருக்கற வலது ஷூவோட அடியில பொருத்திப் பாக்கலாமா?"

"ஆத்தீ!" என்று முனியப்பன் துள்ளினார். "காய்ங்களுக்குக் கும்புடு போட்ட ஆளு! சார், நீங்களா?"

பழனிச்சாமி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தப்பித்து ஓட அவரிடம் ஒன்றும் மீதி இல்லை.

"இருபத்தி ரெண்டு வருசம் ஸ்கூட்டர் ஓட்டுனனுங்க. மேனேஜர் ஆனதுக்கு அப்புறம் கார்தான் மரியாதைன்னாங்க. காலைல பனியில இந்த வண்டி தனியா நின்னுச்சு. வாசலுக்கு வெளிய சும்மா ஒரு ரவுண்டுன்னு எடுத்தேன். கை தானா கியர் போட்ருச்சு." அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் திடீரென்று ஒரு வெளிச்சம். "ஆனா ஒண்ணு சொல்றனுங்க. அந்த அஞ்சு செகண்டு இருக்குதே, பறந்தனுங்க!"

தொழிலாளர்கள் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கேசவுக்கு வரவில்லை.

"நீங்க பறந்தீங்க சார். அப்புறம் என் வண்டி மேல பழியப் போட்டீங்க" என்றான். சைக்கிளிலிருந்து இறங்கி அவர் எதிரே வந்தான். "உங்க வெக்கத்துக்கு என் கடையை மூடப் பார்த்தீங்களா?"

சிரிப்புச் சத்தம் நின்றது. பழனிச்சாமி தலை குனிந்துகொண்டார். "மேனேஜர் எளநீக்குள்ள வுழுந்தான்னு எல்லாரும் சிரிப்பாங்களேன்னு பயந்துட்டேன் தம்பி. உன்னைய நெனச்சுப் பாக்கல. அது தப்புதான். பெரிய தப்பு." எழுந்து, எல்லோர் முன்னாலும் கைகூப்பினார். இந்தத் தடவை காய்களைப் பார்த்து இல்லை.

கேசவ் தோள்பையை இறக்கி வைத்தான். பிறகு பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். இடது கிரிப்பைக் கழற்றினான். திருகும் த்ராட்டிலை உருவி எடுத்து, அந்த இடத்தில் கட்டைவிரல் த்ராட்டிலை நுழைத்து, லீவர் விரலுக்கு எட்டும் கோணம் பார்த்து இறுக்கினான். அதே மஞ்சள் கனெக்டரில் வயரைச் செருகினான். பேட்டரியை மாட்டினான். இருபது நிமிடம் யாரும் நகரவில்லை.

"இப்ப ஓட்டுங்க சார். உங்க இடது கை எப்படி வேணா கியர் போடட்டும், கிரிப்பு அசையாது. விரலால அமுக்கினாத்தான் போகும்."

பழனிச்சாமி செருப்போடு ஏறினார். இடது கை பழக்கத்தில் திருகப் பார்த்தது. ஒன்றும் அசையவில்லை. கட்டைவிரலை வைத்தார். சைக்கிள் பூனை போல நகர்ந்தது. முற்றத்தை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் "ஹேய்!" என்று கத்திக்கொண்டே வந்தார். தொழிலாளர்கள் விசில் அடித்தார்கள். டேரில் தன் காகிதங்களைச் சுருட்டி அதையே ஊதுகுழலாக்கினான். நிற்கும்போது மட்டும் வலது கால் ஒரு தடவை தரையை உதைத்தது.

இறங்கிய வேகத்தில் ஆர்டர் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு நாற்பது என்ற எண்ணை அடித்து நாற்பத்தொன்று என்று எழுதினார்.

"அந்த ஒண்ணு என் சொந்தக் காசுல, எனக்கு" என்று கேசவ் காதருகே குனிந்தார். "எனக்கு மட்டும் அந்தத் திருகறதையே போட்டுக் குடுத்துருப்பா. நான்தான் பழகிட்டேனே."

ஆர்டர் பேசும்போது 'சரி சார்' என்று சொன்ன அதே கேசவ்தான். ஆர்டர் தாள் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அவர் நினைத்தால் கிழித்துவிடலாம். மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நானும்தான்.

"முடியாது சார்" என்றான் கேசவ். "நாப்பத்தொண்ணும் கட்டைவிரல்தான். இல்லைன்னா நாப்பதோட நிறுத்திக்கலாம்."

பழனிச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. தாளை அவன் சட்டைப் பையில் தானே செருகி, இரண்டு தட்டுத் தட்டினார்.

அதுவரை அரிவாளோடு பொறுமையாக நின்ற முனியப்பன் முன்னால் வந்தார்.

"நாப்பத்தொண்ணாவது வண்டி என்னிக்கு வருதுன்னு ஒரு வாரம் முன்னாடியே சொல்லிடு தம்பி" என்றார். "அன்னிக்கு எனக்கு லீவு."